நாட்களை எண்ணுவது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். உல்லாசக் கப்பல்களில் வேலைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகளையும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் துஆவோடு இருக்கும் உம்மாமாரையும் சகோதரிகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, என்னிடம் படித்த பையன்கள் பலர் இந்தத் தொழிலைத் தேடிப் போகிறார்கள். சமையலறை, லோன்றி, கெபின் துப்புரவு என்று வேலைகள். சம்பளம் டொலரில். ஏஜென்சிக்கு எவ்வளவு கட்ட வேண்டும், என்ன பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், மெடிக்கல் எங்கே எடுப்பது என்றெல்லாம் நன்றாக விசாரிக்கிறார்கள். ஆனால் துறைமுகங்கள் மூடப்பட்டால் எப்படி வீடு வருவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கொரோனாதான் முடிந்துவிட்டதே என்று நினைக்கிறார்கள். நோய் முடியலாம், அடுத்தது வரும்போது விதிகள் மறுபடியும் வரும். அப்போது நடுக்கடலில் இருப்பவருக்கு என்ன நடக்கும் என்பதை 2020இல் நாங்கள் வீட்டுக்குள் இருந்தே படித்தோம்.

முதலில் உலகமே பார்த்த ஒரு கப்பலைச் சொல்கிறேன். டயமண்ட் பிரின்சஸ். 2020 பெப்ரவரி 3ஆம் திகதி ஜப்பானின் யோகோஹாமாவுக்கு வந்தது. முன்னதாக ஹொங்கொங்கில் இறங்கிய ஒரு பயணிக்குத் தொற்று என்று தெரிந்ததால் யாரையும் இறங்க விடவில்லை. கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் 1,045 பேர் பணியாளர்கள். பெப்ரவரி 5 முதல் 14 நாள் என்று பயணிகளைக் கெபினுக்குள் வைத்தார்கள். சரி, கதவு மூடியாயிற்று. சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? தட்டுக் கழுவுவது யார்? அதே பணியாளர்கள்தான். அவர்கள் ஒரு கெபினில் இரண்டு பேராகத் தூங்கி எழும்பி, நடைபாதை நடைபாதையாகச் சாப்பாடு வைத்தார்கள். பயணிகளின் 14 நாள் முடிந்து அவர்கள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் பணியாளர்களுக்கு ஒழுங்கான தனிமை கிடைத்தது. கடைசியில் அந்தக் கப்பலில் தொற்றியவர்கள் 712 பேர்.

அந்தக் கப்பலில் இருந்த இந்தியர்களை ஏற்றிவர டில்லியிலிருந்து எயார் இந்தியா விமானம் போனது. அதிலே இலங்கையரையும் நேபாளியரையும் சேர்த்து ஏற்றி வந்தார்கள். வந்தவர்களை மானேசர் என்ற இடத்தில் இராணுவ நிலையத்தில் வைத்தார்கள். எத்தனை நாள்? மறுபடியும் 14. கப்பலில் கழித்த நாட்கள் கணக்கில் வரவில்லை.

14 என்ற எண்ணை யாரும் சும்மா சொல்லவில்லை. வைரஸ் உடலுக்குள் போனால் நோய் வெளியில் தெரிய அதிகம் போனால் 14 நாள் எடுக்கும் என்பது வைத்தியர்களின் கணக்கு. எனவே கடைசியாக நோயாளியோடு பழகிய நாளிலிருந்து எண்ண வேண்டும். பக்கத்தில் புதிதாக ஒருவருக்கு வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இது நியாயமான கணக்கு, நோயின் கணக்கு. இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் ஓடியது. அது அலுவலகத்தின் கணக்கு. ஆளை ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றினால் புதிதாக 14. இந்த நாட்டில் முடித்ததை அந்த நாடு ஏற்காது, புதிதாக 14. இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் காட்டியது என் தம்பியின் கதை.

தம்பி 2019 ஒக்டோபரில் மியாமியில் கப்பல் ஏறினான். லோன்றியில் வேலை. எட்டு மாத ஒப்பந்தம். 2020 ஜூனில் வீடு வர வேண்டியவன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மார்ச் 14ஆம் திகதி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் உல்லாசக் கப்பல்கள் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டது. பயணிகள் இறங்கிப் போனார்கள். பணியாளர்கள் அப்படியே இருந்தார்கள். ஏப்ரலில் அந்த நிலையமே சொன்ன கணக்கின்படி, அமெரிக்கக் கரைகளுக்கு அப்பால் ஏறத்தாழ 100 கப்பல்களில் 80,000 அளவு பணியாளர்கள். அவர்களை இறக்குவதானால் சாதாரண பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று கப்பல் நிறுவனம் பொறுப்பெடுக்க வேண்டும் என்றும் விதி வந்தது. தனி விமானம் பிடிக்கக் காசு போகும். ஆகவே கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. தம்பியின் கப்பல் பஹாமாஸ் பக்கம் நின்றது.

"ராத்தா, கரை தெரியுது. மரம் கூடத் தெரியுது. ஆனா இறங்க ஏலா" என்பான்.

இங்கே கட்டுநாயக்கவும் மார்ச் 19 முதல் வருபவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. ஏப்ரல் 6ஆம் திகதி ஒரு செய்தி வந்தது. எம்எஸ்சி மக்னிஃபிகா என்ற கப்பல் உலகம் சுற்றும் பயணத்தில் கொழும்புப் பக்கம் வந்தபோது, அதில் வேலை செய்த ஓர் இலங்கையரை எங்கள் கடற்படை போய் இறக்கி வந்தது. தன்னை இறக்கும்படி அவர் வீடியோவில் கேட்டிருந்தார். சுகமில்லாத ஒரு ஜேர்மன் பெண்ணையும் கூடவே இறக்கினார்கள். உம்மா அதை டீவியில் பார்த்துவிட்டு, "நம்மட புள்ளையையும் அப்பிடிக் கூட்டி வர ஏலாதா?" என்று கேட்டார். உலக வரைபடத்தை எடுத்து வைத்து பஹாமாஸ் எங்கே, கொழும்பு எங்கே என்று காட்டினேன். தரம் எட்டுப் பிள்ளைகளுக்குப் புவியியல் காட்டியிருக்கிறேன். அன்று உம்மாவுக்குக் காட்டியதுதான் கஷ்டமான பாடம். கப்பல் எந்தக் கரைக்கு வருகிறதோ, அந்தக் கரை ஆளை ஏற்குமோ, அதைப் பொறுத்தே எல்லாம்.

வெஸ்டர்டாம் என்ற கப்பலுக்கு நடந்தது தெரியுமா? 2020 பெப்ரவரி முதலாம் திகதி ஹொங்கொங்கிலிருந்து 2,257 பேரோடு புறப்பட்டது. கப்பலில் தொற்று உறுதியான ஒருவரும் இல்லை. பிலிப்பைன்ஸ், தாய்வான், ஜப்பான், குவாம், தாய்லாந்து என்று ஐந்து இடங்களில் வேண்டாம் என்றார்கள். கடைசியில் பெப்ரவரி 13ஆம் திகதி கம்போடியாதான் சிஹானூக்வில் துறைமுகத்தைத் திறந்தது. சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் 2005 என்று ஒன்று இருக்கிறது. சுகாதாரக் காரணத்தைச் சொல்லி ஒரு கப்பலைத் துறைமுகத்துக்கு வரவே விடாமல் தடுக்கக் கூடாது, வசதி இல்லாத துறைமுகமானால் வசதியுள்ள பக்கத்துத் துறைமுகத்துக்கு அனுப்பலாம் என்பது அதில் உள்ள விதி. அந்த ஐந்து இடங்களில் எதுவும் அன்று அந்த விதியைப் பார்த்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை.

தம்பிக்கு மார்ச்சில் முதல் 14 நாள். பயணிகள் கெபின் ஒன்றைத் தனியாகக் கொடுத்தார்கள். ஏப்ரலில் அவன் தட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது, மறுபடி 14. இது நோயின் கணக்கு. அவனும் முணுமுணுக்காமல் இருந்தான். மே கடைசியில் ஆட்களை நாடு வாரியாகப் பிரிக்கிறோம் என்று வேறு கப்பலுக்கு மாற்றினார்கள், மறுபடி 14. ஜூலையில் அந்தக் கப்பல் ஐரோப்பாப் பக்கம் போனது. அங்கே மூன்றாவது கப்பலுக்கு மாற்றினார்கள், மறுபடி 14. கடைசி இரண்டும் அலுவலகத்தின் கணக்கு. சம்பளம் முதலில் அடிப்படைக்குக் குறைந்தது, பிறகு நின்றது. சாப்பாடும் படுக்கையும் மட்டும்.

ஓகஸ்ட் 11ஆம் திகதி வாப்பா மௌத்தானார். மாரடைப்பு. அஸருக்குப் பிறகு நல்லடக்கம். தம்பி நடுக்கடலில். கப்பலின் வைஃபை அன்று ஒழுங்காக இல்லை. சந்தக்கு வீட்டை விட்டுப் போகும் இடம் மட்டும் அவனுக்கு வீடியோவில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் யாரோடும் கதைக்கவில்லை.

உம்மா இத்தா இருந்தார். எங்கள் பெண்களுக்கு நாள் எண்ணி வீட்டுக்குள் இருப்பது புதிதல்ல. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது, கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும். தனிமைப்படுத்தலுக்கான ஆங்கிலச் சொல்லும் நாற்பதிலிருந்து வந்ததுதான். 1377இல் இன்றைய குரோஷியாவில் உள்ள ரகுசா நகரம், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பிறகு வெனிஸ்காரர் அதை 40 ஆக்கினார்கள். அவர்களுடைய மொழியில் நாற்பதுக்கு உள்ள சொல்தான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது.

உம்மா கலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டார். அவருடைய கணக்கு ஒரே தடவை தொடங்கியது. தொடங்கிய நாள் எல்லோருக்கும் தெரியும், முடியும் நாளும் தெரியும். இடையில் யாரும் வந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கு என்று சொல்ல முடியாது. கஷ்டம் இருந்தது, ஆனால் கலக்கம் இல்லை. மகனோ எந்த நாளிலிருந்து எண்ணுவது என்றே தெரியாமல் கடலில் இருந்தான். ஒரு கட்டுப்பாட்டைத் தாங்க முடிவதும் முடியாமல் போவதும் நாட்களின் எண்ணிக்கையில் இல்லை என்பதை நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். முடியும் நாள் தெரிந்தால் மனிதன் எதையும் தாங்குவான்.

அதன் பிறகு நான் ஒரு சீஆர் கொப்பியை எடுத்துக் கோடு போட்டேன். கல்வியியற் கல்லூரியில் பாடத்திட்டம் எழுதப் பழகிய கை, அட்டவணை போட்டால்தான் தலை வேலை செய்யும். நான்கு நிரல்கள். புறப்படும் நாடு, இடையில் விமானம் மாறும் நாடு, நுழையும் நாடு, கடைசியாக ஊர். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு கேள்விகள். என்ன கடதாசி கேட்பார்கள்? அது எத்தனை மணித்தியாலம் செல்லும்? எந்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள்? செலவு யாருடையது?

மூன்றாவது கேள்விதான் ஆளை விழுத்துவது. பிசிஆர் 72 மணித்தியாலத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்பார்கள். மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா? தம்பிக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதிரி எடுத்தார்கள். ஞாயிறு விமானம் திங்கள் இரவுக்குப் பின்போனது. திங்கள் காலை ஒன்பதோடு அந்தக் கடதாசி செத்துவிட்டது. இப்படி ஒக்டோபரில் இரண்டு தடவை. அந்த மாதம் இங்கே மினுவாங்கொடைக் கொத்தணியோடு இரண்டாவது அலையும் தொடங்கியிருந்தது. நாடு திரும்ப விசேட விமானங்கள் மட்டும்தான், அதிலும் இடம் கிடைப்பது பெரிய பாடு.

நான்காவது கேள்விக்கு ஏஜென்சிக்காரர் போனில் இனிக்க இனிக்கப் பதில் சொன்னார். "மிஸ், அதெல்லாம் கொம்பனி பார்த்துக்கொள்ளும்." எழுத்தில் தாருங்கள் என்றேன். ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் என்று ஒன்று இருக்கிறது, இலங்கையும் அதை ஏற்ற நாடு. ஒப்பந்தம் முடிந்த கடற்தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பும் செலவு கப்பல் உரிமையாளருடையது என்று அதில் இருக்கிறது. அந்தப் பகுதியை அச்செடுத்து, தம்பியின் ஒப்பந்தப் பிரதியோடு சேர்த்து ஈமெயில் அனுப்பினேன். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. விமான டிக்கெட்டும் ஹோட்டலில் 14 நாளும் நிறுவனத்தின் செலவு.

எல்லாம் சரியான நேரத்தில் தம்பி ஒரு கேள்வி கேட்டான்.

"ராத்தா, அங்க வந்து எனக்குப் பொசிடிவ் ஆகி மௌத்தானா என்னை என்ன செய்வாங்க?"

2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானிப்படி கொவிட்டில் இறந்தவர் யாராக இருந்தாலும் எரிப்பதுதான் விதி. அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் இங்கே மாறவில்லை. கப்பலில் அவனோடு இருந்த வேற்று நாட்டு நண்பர்கள் வீடு போவதை நினைத்துச் சந்தோஷப்பட்டபோது, என் தம்பி வீடு போவதா வேண்டாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். சொந்த நாட்டின் நுழைவு விதியை வாசிக்கும்போது அதில் எழுதாத ஒரு வரியையும் நாங்கள் சேர்த்தே வாசித்தோம். கொப்பியில் அதற்கு நிரல் போட என்னால் முடியவில்லை. "அல்லாஹ் போதுமானவன், நீ வா" என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 22ஆம் திகதி கட்டுநாயக்கவில் இறங்கினான். பொதிகளுக்கு மருந்து தெளித்து, பஸ்ஸில் ஏற்றி நேரே ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் கழித்து, நவம்பர் 26ஆம் திகதி, எங்கள் அக்கரைப்பற்றையே தனிமைப்படுத்திவிட்டார்கள். அவன் கதவுக்குள், நாங்கள் ஊருக்குள்.

டிசம்பர் 6ஆம் திகதி அவனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. உலகத்தில் பாதியைக் கடந்து வந்தவன் கடைசியில் சொந்த ஊருக்கு நுழைய விதி தேட வேண்டியதாயிற்று. எங்கள் பீஎச்ஐ நல்ல மனிதர். "டீச்சர், தம்பி உள்ள வரலாம். வந்தா வெளிய போக ஏலா. வீட்டிலயும் 14 நாள்" என்றார். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், இருக்கும் ஊரை விட்டு ஓடவும் வேண்டாம் என்ற நபிகளாரின் போதனையைப் பள்ளிவாசலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஊருக்கு அது தெளிவான விதி. கப்பல் ஊருமில்லை, ஊருக்கு வெளியுமில்லை. அதனால்தான் அங்கே உள்ளவர்களுக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. தம்பிக்கு இப்போது ஓர் ஊர் இருந்தது. நோயுள்ள ஊர்தான், ஆனால் அவனுடைய ஊர். வந்தான்.

முன் அறையில் அவன், உள் அறையில் உம்மா. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன். அதே டிசம்பரில்தான் பிறந்து 20 நாளான ஒரு பாலகனை எரித்த செய்தி வந்தது. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. முன் அறையில் தம்பி இருமினால் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது வெறும் தடிமன்தான், அல்ஹம்துலில்லாஹ். உம்மாவின் இத்தா முடிந்து மூன்று நான்கு நாளில் அவனுடைய கதவும் திறந்தது. கடலில் நான்கு தடவை, கரையில் இரண்டு தடவை. மொத்தம் 84 நாள். வெனிஸ்காரர் கேட்டதே நாற்பதுதான். கதவு திறந்ததும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வாப்பாவை ஸியாரத் செய்யப் போனான்.

கட்டுநாயக்க சாதாரண பயணிகளுக்குத் திறந்தது 2021 ஜனவரி 21ஆம் திகதி. அடக்கம் செய்ய அனுமதி வந்தது பெப்ரவரி கடைசியில். முதல் ஜனாஸாக்கள் மார்ச்சில் ஓட்டமாவடிக்குப் போயின.

இனி, போகும் பிள்ளைகளுக்கு.

ஒப்பந்தத்தின் முழுப் பிரதியும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது.

வீடு அனுப்பும் செலவு என்ற பகுதியை வாசியுங்கள். தனிமைப்படுத்தல் வந்தால் அந்த நாட்களின் செலவும் அந்த நாட்களின் சம்பளமும் யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சு துறைமுகத்தில் செல்லாது.

வேறு கப்பலுக்கு மாற்றினால் ஒப்பந்தத் திகதி மாறுமா என்று கேளுங்கள்.

போகும் நாட்டையும் வரும் நாட்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். இடையில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பாருங்கள். கால் தடுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் பாதையானால், போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். கொரோனா போனாலும் நாள் கணக்குப் போகவில்லை.

எந்த அதிகாரி எத்தனை நாள் என்று சொன்னாலும், "எந்தத் திகதியிலிருந்து?" என்று கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள்.

தம்பி 2022இல் மறுபடி கப்பலுக்குப் போய்விட்டான். வேறு நிறுவனம். இந்தத் தடவை கையொப்பம் இடுவதற்கு முன் மேலே உள்ளதையெல்லாம் அவனே கேட்டான். ஒப்பந்தப் பிரதி உம்மாவின் அலுமாரியில், வாப்பாவின் அடையாள அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டில் யாராவது போகத் தயாராக இருந்தால் இதை அவர்களிடம் காட்டுங்கள். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கடலில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஸலாமத்தாக வீடு வந்து சேர துஆ செய்வோம்.